ஒரு வெள்ளி அக்கா

என் பிழைப்பே மறைவான கட்டணங்களால் நடப்பது. பண்டமாரானில், கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். சரக்கை மற்றவர்கள் அனுப்புவார்கள், பில்லை நான் அனுப்புவேன். பேசிய தொகை ஒன்று, பில்லில் வரும் தொகை இன்னொன்று. வாடிக்கையாளர் போனில் கத்துவார். நான் கத்தவே மாட்டேன். பத்திரக் கட்டணம், கையாளும் கட்டணம், எண்ணெய் விலை ஏறிய கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்லி, "எல்லாம் கொட்டேஷன்ல கீழ சின்ன எழுத்துல இருக்கு பாஸ்" என்று முடிப்பேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். மாலைக்குள் பணம் வந்துவிடும்.

இப்படிப்பட்ட என்னிடம் ஒரு பேங்க் சத்தமில்லாமல் காசு எடுத்தது என்று தெரிந்தால் அலுவலகத்தில் கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். அதனால் அங்கே சொல்லவில்லை.

எங்கள் கோயில் கிள்ளானில் இருக்கிறது. ஆடி மாதம் அம்மனுக்குப் பால்குடம் எடுப்போம். எடுக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலை கட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்கு யூனிஃபார்ம் சேலை என்று பெயர். அம்மன் அப்படிக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கோயில் பெண்கள் ஒரு வருடம் ஒரே சிவப்பில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கும் பக்தி அந்த வழியில் பெருகியது.

கிள்ளான் கடைகளில் ஒரே நிறத்தில் நாற்பது சேலை கேட்டால் முதலாளி முதலில் காப்பி கொடுப்பார், பிறகு விலை சொல்வார். அந்த விலையைக் கேட்டதும் காப்பி கசக்கும். அதனால் நாங்கள் சென்னைக் கடைகளில் ஆன்லைனில் வாங்கத் தொடங்கினோம். ஒருவர் தன் கிரெடிட் கார்டில் மொத்தமாக வாங்குவார், மற்றவர்கள் அவரிடம் முன்பணம் கொடுப்பார்கள். புண்ணியம் எல்லோருக்கும், கார்டு ஒருத்தருக்கு.

மூன்று வருடங்களுக்கு முன் அந்த ஒருத்தர் செந்தூல் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முன்பு கிள்ளானில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். மகள் வீட்டோடு தலைநகரின் செந்தூல் பகுதியில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் மாறி ஏறி எங்கள் கோயிலுக்கே வருவார். அங்கே ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் வேலை. அதிகம் பேச மாட்டார். சேலைக்குப் பணம் பிரிக்கும் வேலை யாருக்கும் வேண்டாம் என்றானபோது, "சரி, நான் பாக்குறேன்" என்றவர் அவர்தான்.

எங்கள் ஊரில் ரிங்கிட்டுக்கு வெள்ளி என்றும் சென்னுக்குக் காசு என்றும்தான் சொல்வோம். சேலை ஒன்று எழுபத்தைந்து வெள்ளி. நாற்பது சேலை, மூவாயிரம் வெள்ளி. எல்லோரும் கொடுத்தோம். சேலையும் வந்தது. இரண்டு வாரம் கழித்து, கோயில் மண்டபத்தில் எல்லோரும் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து நின்று சொன்னார்.

"பேங்க்ல முப்பது வெள்ளி கூட எடுத்துட்டாங்க. ஆளுக்கு எழுவத்தஞ்சு காசு வருது. சில்லற கஷ்டம்லா, ஒரு வெள்ளியா குடுத்திடுங்க. மிச்சத்த உண்டியல்ல போட்டுடறேன்."

கடை ரசீதைக் காட்டினார், மூவாயிரம். பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டினார், மூவாயிரத்து முப்பது. அந்த முப்பது எதற்கு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அவராலும் சொல்ல முடியவில்லை.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். பில் போடுகிறவள் அல்லவா, எனக்குத் தெரியாத கட்டணம் உண்டா?

"அக்கா, கடைக்காரன் விலை போட்டது ரிங்கிட்ல. நீங்க கட்டினது ரிங்கிட். ரூபாயா மாத்தினாத்தானே பேங்க் காசு எடுக்கும்? மாத்தவே இல்லாத காசுக்கு எதுக்கு சார்ஜ்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடித்திருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "மிச்சம் உண்டியல்லன்னு சொல்றீங்க. உண்டியலுக்கு ரசீது உண்டா?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. அக்காவின் காதோரம் சிவந்தது. உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பூக்கட்டினார்.

எல்லோரும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தோம், பிச்சை போடுவதுபோல. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் அந்த ஒரு வெள்ளிகளை ஒவ்வொருவர் கையிலும் திருப்பிக் கொடுத்தார். "எதுக்கு அக்கா?" என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் வாங்கிக்கொண்டோம். நானும் வாங்கிப் பையில் போட்டேன். திருட்டு வெளிப்பட்டதும் பயந்து திருப்பிவிட்டார் என்று கோயில் வாசலில் நின்று விளக்கமும் சொன்னேன். ‘ஒரு வெள்ளி அக்கா’ என்ற பெயரை வைத்ததும் நான்தான். நல்ல பெயர், வாயில் சுலபமாக வந்தது. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து மட்டும் விலகவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் அதிலேயே இருந்தார்.

இந்த வருடம் சேலை வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தது என்ன, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். பணம் விஷயத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா? மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. வேறொரு சென்னைக் கடை. இணையப் பக்கத்தைத் திறந்ததும் மேலே நம் நாட்டுக் கொடி, பக்கத்தில் விலை எண்பத்தெட்டு வெள்ளி. எங்கோ இருக்கிற கடைக்காரன் நம் காசில் விலை போட்டிருக்கிறானே, என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கொடியைத் தட்டினால் விலையை ரூபாயிலும் காட்டும். அதை நான் தட்டவில்லை. வீட்டு வாசலிலேயே மீன் விற்கும்போது யார் கடலுக்குப் போவார்கள்? அனுப்பும் செலவு இலவசம் என்றும் போட்டிருந்தது. என் தொழிலில் இலவசம் என்றால் அது வேறொரு வரியில் இருக்கிறது என்று பொருள். அன்றைக்கு அது எனக்கு நினைவு வரவில்லை.

கூடுதலாக ஒன்று சேர்த்து முப்பத்து நான்கு சேலை. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு வெள்ளி. கட்டி முடித்த கையோடு பேங்க் ஆப்பைத் திறந்தேன். அதே தொகை, ஒரு காசு கூடவில்லை. உடனே அந்தத் திரையைப் படம் பிடித்து குரூப்பில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: ‘கடை விலையும் பேங்க் எடுத்ததும் ஒண்ணுதான். பாருங்க. சில பேருக்கு மட்டும்தான் பேங்க் கூட எடுக்கும் போல.’ சிரிக்கிற மூஞ்சி ஒன்று, கும்பிடுகிற கை ஒன்று.

சிரித்த மூஞ்சிகள் இருபதுக்கு மேல் வந்தன. குழுத் தலைவி, "நம்ம சிஸ்டர்கிட்ட குடுத்தா கணக்கு கண்ணாடி மாதிரி" என்று குரல் பதிவு அனுப்பினார். யார் யார் பார்த்தார்கள் என்று போன் காட்டும் அல்லவா, அதையும் திறந்து பார்த்தேன். செந்தூல் அக்காவும் பார்த்திருந்தார். எனக்கு அன்று அது பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. ஆனாலும் பிடித்துத்தான் இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கத்துவதோடு நிறுத்திக்கொண்டது, நான் படமும் போட்டேன்.

நான்கு நாள் கழித்து, மின்சாரக் கட்டணம் கட்ட ஆப்பைத் திறந்தேன். சேலை வரியில் வேறு எண் இருந்தது. மூவாயிரத்து இருபத்தொரு வெள்ளி தொண்ணூற்றிரண்டு காசு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஆப்பை மூடித் திறந்தேன். எண் மாறவில்லை. முதலில் காட்டியது தற்காலிகமாகப் பிடித்து வைத்த தொகையாம், இதுதான் உண்மையில் எடுத்தது. விளக்கம் ஒரு வார்த்தை இல்லை. நாங்களாவது ஒரு பெயர் வைப்போம். பேங்க் அந்தச் சிரமம்கூடப் படவில்லை, தொகைக்குள்ளேயே கரைத்துவிட்டது.

அட்டைக்குப் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. மறுபடி பாட்டு. கடைசியில் வந்த பெண் என் ஆங்கிலத்தை இரண்டு வாக்கியம் பொறுத்துக்கொண்டு, "ஆன்டி, தமிழ்லயே பேசலாம்" என்றாள்.

"ரிங்கிட்லதான் வாங்கினேன். ஏன் முப்பது வெள்ளி கூட எடுத்திருக்கீங்க?"

"ஆமா ஆன்டி, ட்ரான்சாக்ஷன் ரிங்கிட்தான். ஆனா கடை ஓவர்சீஸ். அதுக்கு ஒரு பர்சன்ட் சார்ஜ்."

"மாத்தவே இல்லியே. மாத்தாத காசுக்கு என்ன சார்ஜ்?"

"மாத்தறதுக்கு இல்ல ஆன்டி. பார்டர் தாண்டறதுக்கு."

"யாரு தாண்டினா? நான் கிள்ளான்ல சோஃபாவுல உக்காந்திருந்தேன்."

"கார்டு தாண்டிடுச்சு ஆன்டி."

"சரி, ரூபாயில கட்டியிருந்தா?"

"அப்பவும் சார்ஜ் இருக்கு. அது வேற சார்ஜ்."

"அப்ப எப்படி வாங்கினாத்தான் சார்ஜ் இல்ல?"

கொஞ்சம் யோசித்தாள். "இங்கயே கடைக்குப் போய் வாங்கலாம் ஆன்டி" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே உதவிதான் செய்தாள்.

"இதெல்லாம் எங்க எழுதியிருக்கு?"

"கார்டு எடுக்கும்போது நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்ல இருக்கு ஆன்டி. கீழ, சின்ன எழுத்துல."

இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லிவந்த வாக்கியம். இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நானும் பெருமூச்சு விட்டேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

போனை வைத்துவிட்டு இன்னொரு வேலை செய்தேன். கடையின் பக்கத்துக்குப் போய் அந்தக் கொடியைத் தட்டினேன். விலை ரூபாய்க்கு மாறியது. அன்றைய பணமாற்று விலையில் போட்டுப் பார்த்தால் சேலை எண்பத்திரண்டு வெள்ளிதான் வந்தது. நம் காசில் விலை போட்ட மரியாதைக்குச் சேலைக்கு ஆறு வெள்ளி. முப்பத்து நான்கு சேலைக்கு இருநூறு வெள்ளிக்கு மேல். இலவச அனுப்புச் செலவு எந்த வரியில் ஒளிந்திருந்தது என்பதும் அப்போது விளங்கியது. அந்த இருநூறைப் பற்றி எங்களில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார். எழுபத்தைந்து காசுக்கு ஒரு பெண்ணைக் கோயிலைவிட்டு விரட்டியவர்கள், கடைக்காரனுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தோம்.

அக்கா சொன்னது உண்மை. அன்றைக்கும் உண்மைதான். இதை எழுதும்போது ஒரு வரியாக இருக்கிறது. அன்று சோஃபாவில் உட்கார்ந்து அதை ஒப்புக்கொள்ள ஒரு மாலை முழுதும் பிடித்தது.

ஆனால் நான் உடனே எழுந்து ஓடிவிடவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை. முதலில் வந்த யோசனை, முப்பது வெள்ளியை நானே போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வது. யாருக்கும் தெரியாது. கணக்கு கண்ணாடியாகவே இருக்கும். முப்பது வெள்ளிக்கு நல்ல பெயர் கிடைப்பது மலிவு, அதுவும் எந்த மறைவான கட்டணமும் இல்லாமல். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் நாள் சேலைப் பெட்டி வந்தது. எண்ணிக்கொண்டிருந்தபோது, அன்று மண்டபத்தில் அவர் தலை நிமிராமல் பூக்கட்டியது கண்முன் வந்தது. அவரும் முப்பது வெள்ளியை வாய்மூடிப் போட்டுக்கொண்டிருந்தால் கோயிலுக்கு வந்துகொண்டேயிருந்திருப்பார். உள்ளதைச் சொன்னதால்தான் போனார். பொய்யாக இருந்துவிட்டுப் பால்குடம் தூக்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மனைவிட அந்தப் பெண்ணின் காதோரச் சிவப்புக்குத்தான் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் கம்யூட்டர் ஏறினேன். கேஎல் சென்ட்ரலில் ரயில் மாற வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெளியே வந்து பக்கத்து பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் பூ வாங்கினேன். பூக்காரர் "அஞ்சு வெள்ளிக்கா" என்றார். ஐந்து கொடுத்தேன். நான்கு நாள் கழித்து அது ஐந்து வெள்ளி ஐந்து காசு ஆகவில்லை. நேர்மையான மனிதர்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்கா இதே தூரத்தை வேலை முடிந்த அலுப்போடு எதிர்ப்பக்கமாக வந்தவர் என்பது செந்தூலுக்குப் போய் இறங்கும்போதுதான் உறைத்தது. அதுவரை அவர் வருவதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வா" என்றார். பூவை வாங்கி சாமிப் படத்தடியில் வைத்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் குடிக்காமல் போனை நீட்டி இரண்டு எண்களையும் காட்டினேன். போட்ட படத்தில் இருப்பது ஒன்று, இப்போது ஆப்பில் இருப்பது ஒன்று.

"அக்கா, எனக்கும் எடுத்துட்டாங்க."

அவர் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார். "ஒரு பர்சன்ட்" என்றார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே பேங்க் கொடுத்த கடிதம். வெளிநாட்டுக் கடையில் ரிங்கிட்டில் வாங்கினாலும் இந்தக் கட்டணம் உண்டு, தொகை முப்பது வெள்ளி என்று தெளிவாக எழுதி, அதிகாரி கையெழுத்தும் போட்டிருந்தார். தேதி மூன்று வருடம் பழையது.

"ரெண்டு நாள் கேன்டீன்ல லீவு எடுத்துப் போயி கேட்டு வாங்குனேன்" என்றார்.

"ஏன் அக்கா காட்டல?"

"காட்டியிருந்தா நீ என்னா சொல்லியிருப்ப? ஒரு வெள்ளிக்கு லெட்டர் எடுத்துட்டு வந்திருக்கா பாருன்னு சொல்லியிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்னும் நன்றாகச் சிரிக்கிற மாதிரியும் சொல்லியிருப்பேன்.

"தப்புக்கா. நான் பேசினது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட சொல்லாத. அன்னிக்கு என்கிட்ட மட்டுமா சொன்ன?"

அங்கேயே உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். எனக்கும் பேங்க் கூட எடுத்தது, நான் போட்ட படம் முழு உண்மை இல்லை, மூன்று வருடத்துக்கு முன் அக்கா சொன்னதுதான் உண்மை, அவருக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான். அக்கா அனுமதித்ததால் கடிதத்தையும் படம் பிடித்துப் போட்டேன். சிரிக்கிற மூஞ்சி எதுவும் போடவில்லை.

பதில்கள் வந்தன. கும்பிடுகிற கைகள் பத்து. தலைவி, "விடுங்க சிஸ்டர், அம்மா பாத்துக்குவா" என்றார். ஒருத்தி, "அப்ப நாங்க எம்பத்தெட்டு காசு போடணுமா?" என்று கேட்டாள். ஒரு காசு நாணயம் இந்த நாட்டில் புழக்கத்திலேயே இல்லை, எப்படிப் போடுவாள் என்று தெரியவில்லை. இன்னொருத்தி உண்மையான அன்போடு எழுதினாள்: ‘பாவம்லா. இந்த வருஷம் ஒரு வெள்ளி அக்காவ கூப்பிடுங்க.’

அக்காவின் போனும் மேசைமேல்தான் இருந்தது. அதைப் படித்தார். முகம் மாறவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். நான் வைத்த பெயர், நானே எடுத்தாலும் போகாது என்று அப்போது தெரிந்தது. அழுகை வந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து நான் அழுவது நியாயமில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது கூடுதலாக வாங்கியிருந்த மஞ்சள் சேலையைக் கொடுத்தேன். "பாக்கலாம்" என்று வாங்கி நாற்காலியில் வைத்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. பிறகு பர்ஸிலிருந்து ஒரு வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"அன்னிக்கு நீங்க திருப்பிக் குடுத்தது அக்கா. உங்களுக்கு வர வேண்டியது."

வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். "இரு" என்று உள்ளே போனார். ஏதோ டப்பாவைத் திறந்து சில்லறையைக் கிளறும் சத்தம் கேட்டது. வந்து என் கையை விரித்து, இருபது காசு ஒன்றும் ஐந்து காசு ஒன்றும் வைத்தார்.

"எழுவத்தஞ்சு காசுதான். மிச்சத்த நீயே உண்டியல்ல போட்டுடு" என்றார். "ரசீது மறக்காம வாங்கிக்க."